சுடுதண்ணிக் கணக்கு

கண்டியில் யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் இன்றைக்கும் இருக்கின்றன. கண்டியின் உயரம் 500 மீற்றர்தான். தை மாத விடியலில் 18 பாகை வரைக்கும் இறங்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது சுகமான குளிர். எங்களுக்குக் குளிர் உறைப்பது குளியலறையில். இரவெல்லாம் கூரைத் தொட்டியில் கிடந்த தண்ணீரை விடியற்காலை ஐந்து மணிக்குத் தலையில் ஊற்றிக்கொண்டு பாடசாலைக்கும் வேலைக்கும் போனவர்களுக்கு அது தெரியும். அதனால் எங்கள் ஊர் வீடுகளில் சூடு என்பது ஒரு வாளித் தண்ணீர்.

ஹந்தானைச் சரிவில், கட்டுக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டில் அந்த வாளியை நிரப்பியது ஒரு செம்புப் பொயிலர். குளியலறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சாய்ப்பில், மூன்று கால்களில் நிற்கும். உடம்பு உருளை. நடுவே மேலும் கீழும் திறந்த ஒரு குழாய். அதன் அடியில் இரும்புத் தட்டு. தட்டில் நெருப்பு எரியும்போது சுடுகாற்று அந்தக் குழாய் வழியாக மேலே ஏறும், குழாயைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடாகும். மேலே ஒரு வாய், அதில் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழே பித்தளைக் குழாய், அதில் சுடுதண்ணி வரும். உள்பக்கம் முழுக்க ஈயம் பூசியது. இதைக் கையாள ஒரே சட்டம்தான், எங்களுக்கு எழுத்துப் படிக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டது: தண்ணி இல்லாமல் நெருப்பு வைக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் நிற்கும் வரை செம்பின் சூடு நூறு பாகையை அதிகம் தாண்டாது. தண்ணீர் வற்றிவிட்டால் சூட்டைத் தடுக்க ஆளில்லை. பூசிய வெள்ளீயம் 232 பாகையில் உருகும், மூட்டுகளில் வைத்த பற்று அதற்கு முன்பே இளகிவிடும்.

தாத்தா அதைத் திருச்சியிலிருந்து கொண்டுவந்தார். தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன்னால் அந்தப் பாதையில் வந்த சாமான்கள் கண்டியில் பல தமிழ் வீடுகளில் இருந்தன. சாக்குச் சுற்றிய அந்தப் பொயிலரைக் கண்டி ஸ்டேஷனிலிருந்து தலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள் என்று அத்தை சொல்லுவார். 1970களின் தொடக்கத்தில் இறக்குமதி சாமான் எதுவும் கிடைக்காமல் போனபோது, பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது எல்லாருக்கும் கட்டாயமாக இருந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு, கடைகளில் மின்சாரச் சாமான்கள் குவிந்தன. 1985இல் தெல்தெனியா பக்கத்தில் விக்டோரியா அணை 210 மெகாவாட்டோடு ஓடத் தொடங்கியதும், இனிமேல் விறகு வேண்டாம் என்று ஊரே பேசிக்கொண்டது. எங்கள் தெருவில் அந்தப் பேச்சு வந்தபோது அப்பாவிடம் பணம் இல்லை. அவர் கணக்கெழுதிய இரும்புக்கடை 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்துபோயிருந்தது.

பிறகு பணம் வந்த காலத்திலும் அவர் பொயிலரை மாற்றவில்லை. அதற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகங்கள் அனுப்பியது அவர் கணக்கெழுதிய அந்த இரும்புக்கடை. 1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதற்குப் பிறகு, தேயிலை காயவைக்க எண்ணெய் அடுப்பு வைத்திருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக விறகுக்குத் திரும்பியதை அவர் பற்றுச்சீட்டுகளில் பார்த்தார். எண்ணெய் பர்னருக்கு வந்த ஓடர்கள் குறைந்து, அடுப்புத் தட்டுக்கும் இரும்புக் கம்பிக்கும் வந்தன. அதற்குப் பிறகு அவர் எந்தப் புதிய இயந்திரத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பார்: “இது குடிக்கிறதை நாம உண்டாக்க முடியுமா?” 1996இலும் 2001இலும் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, மணிக்கணக்காக மின்சாரம் வெட்டப்பட்டபோது எங்கள் பொயிலர் எரிந்தது. அப்பா அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

“விறகுக்கு என்ன காசா குடுக்கிறோம்?” இது அவர் அடிக்கடி சொன்னது. வேலியில் சீமைக்கிளுவை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். பின்பக்கத்தில் பலாக் கிளை விழும். ஹந்தானையில் கவ்வாத்து நடக்கும் மாதங்களில் மிலாறு கட்டுக் கட்டாக வரும். விரல் மொத்தத்தில் இருக்கும் அந்தத் தேயிலைக் குச்சிகளைப் போல நெருப்புப் பிடிக்க வேறெதுவும் இல்லை. உண்மைதான், காசு அதிகம் போகவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் அம்மா இல்லை. கட்டுகளைச் சாய்ப்புக்குள் தூக்கி வைத்தது அவர். ஐப்பசி மழையில் விறகு நனைந்துவிட்டால் அடுப்பங்கரை மேலே பரண் கட்டி உலர்த்தியது அவர். ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன் ஈரத்தைப் போக்கவே செலவழித்துவிடும், சரியாக எரியாமல் புகையும் கூடும். அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலோடு குந்தியிருந்தது அவர். நாங்கள் எழும்பும்போது சுடுதண்ணி தயார். எல்லாரும் குளித்துப் போன பிறகு மிச்சச் சூட்டில் அவர் குளிப்பார், பல நாள் அதுவும் இருக்காது. சாம்பலை அள்ளிப் பாத்திரம் தேய்க்க எடுத்துவைப்பதும், மறுநாளைக்கான சுள்ளியை முறித்துவைப்பதும் அதற்குப் பிறகு. இலவச விறகு என்று அப்பா சொன்னபோதெல்லாம் அந்த உழைப்புக்குப் பூச்சியம் என்று எழுதப்பட்டது. இப்படித்தான் பெரும்பாலான வீடுகளில் எழுதினார்கள். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

அம்மாவுக்குச் சுடுதண்ணியோடு இருந்த உறவு எங்களுடையதைவிடப் பழையது. அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் அந்த மலைகளில்தான் இருக்கிறது. அம்மாவின் அப்பா பங்களாவில் வேலை செய்தார். பங்களாக் குளியலறையின் பின்சுவரோடு சேர்த்துச் செங்கல் அடுப்புக் கட்டி, அதன்மேல் 45 கேலன் பீப்பாயைப் படுக்க வைத்திருப்பார்கள். தொரை எழும்புவதற்கு முன்னால் அதைச் சூடாக்கி வைப்பது அவர் வேலை. அந்த நெருப்பை மூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அவரும் பிள்ளைகளும் பீலிக்கரையில் குளித்தார்கள். மலையிலிருந்து மூங்கிலிலோ தகரத்திலோ இறங்கும் தண்ணீர், மார்கழியில் எலும்பைத் தொடும். லயத்தில் சுடுதண்ணி ஊற்றுவது பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் மட்டும். கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த அம்மா, முதல் நாள் காலையில் செம்புப் பொயிலரில் குளித்ததைப் பற்றி ஒருமுறை சொன்னார். தன் அப்பா யாருக்கோ காய்ச்சியதைத் தான் குளிக்கிற மாதிரி இருந்ததாம்.

ஆகவே 2018இல் பொயிலரின் அடிமூட்டில் தண்ணீர் கசிந்து நெருப்பை அணைத்தபோது, அதை மாற்றுவதா வேண்டாமா என்பது வெறும் விலைக்கேள்வியாக எனக்குப் படவில்லை. அப்பா அப்போது இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. நான் ஆசிரியை, காலை ஆறரைக்கு பஸ். டொரொன்டோவில் இருக்கும் அண்ணன் வீடியோவில் பொயிலரைப் பார்த்தார். அங்கே அவர் வீட்டு நிலவறையில் கேஸில் எரியும் சூடாக்கி ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் அது நின்றால் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும் என்பார். அதனால் பழசாகிற எதையும் அது நிற்பதற்கு முன்பே மாற்றிவிடும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. “வித்துரு. செம்புக்கு நல்ல விலை. நான் காசு அனுப்புறேன், கரண்ட் ஹீட்டர் போடு” என்றார். பனி உறையும் ஊரில் அது நல்ல புத்திதான். பழைய இரும்பு வாங்குகிறவர் அதே கிழமை வந்து, தட்டிப் பார்த்து, கிலோக் கணக்கில் விலை சொன்னார். அந்தத் தொகைக்கு ஹீட்டரின் பாதி வந்துவிடும்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழாயில் 20 பாகையில் வரும் தண்ணீரை 40 பாகைக்கு ஏற்ற வேண்டும். 20 லீற்றர் வாளி ஒன்றுக்கு அது ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம். 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் எட்டு நிமிடம் ஓடினாலும் அதே அரை யூனிட்தான். ஐந்து பேர் குளிக்கும் வீட்டில் மாதம் 70 யூனிட்டுக்கு மேல் போகும். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை கூடும். இந்த 70 யூனிட் மேல்படியில்தான் விழும். அதனால் எங்களைப் போல் நடுத்தரமாகச் செலவழிக்கும் வீட்டுக்குச் சுடுதண்ணி, விளக்கைவிடவும் விசிறியைவிடவும் விலையானது. விறகுப் பக்கம் பார்த்தால், நன்றாகக் காய்ந்த ஒரு கிலோவில் நான்கு யூனிட் அளவுக்குச் சூடு இருக்கிறது. எங்கள் பொயிலர் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிது. அப்படிப் பார்த்தாலும் நாளுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். அம்மாவின் கூலியைப் போடாவிட்டால் விறகு வெல்கிறது. மூன்று மணி நேர வேலைக்குத் தோட்டத்து நாட்கூலி விகிதத்தில் போட்டாலே விறகு தோற்கிறது. அண்ணனுக்கு இதை அனுப்பினேன். அப்பாவின் கணக்கில் இருந்த ஓட்டை இதுதான் என்று எழுதினேன்.

வயரிங் பார்க்க வந்த மின்வேலைக்காரர் இன்னொரு செலவைச் சொன்னார். எங்கள் குளியலறைப் பக்கத்துக் கம்பிகளுக்கு எர்த் இல்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் எர்த்தும் நல்ல ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் ஹீட்டர் மாட்டித் தரமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். அப்படி நிற்கிற ஆளுக்குக் கூலி கூடக் கொடுக்கலாம்.

இத்தனைக்குப் பிறகுதான், அந்தப் பொயிலரை அத்தனை வருடம் மூட்டியவரிடம் நாங்கள் கேட்டோம். அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “எனக்குக் குனியாமக் குளிக்கணும். குழாயத் தொறந்தா சுடுதண்ணி வரணும். ஆனா அத விக்க வேணாம், புள்ள. வீட்டுல ஒரு நெருப்பு நம்ம கையில இருக்கட்டும்.”

அப்பாவின் கேள்வியும் என் கணக்கும் அந்த நான்கு வாக்கியங்களில் அடங்கிவிட்டன. தன் உடம்பு இனித் தாங்காது என்பதையும், மின்சாரத்தை முழுசாக நம்பக்கூடாது என்பதையும் அவர் ஒன்றோடொன்று மோதவிடவில்லை.

அப்படியே செய்தோம். குளியலறைக்கு எர்த் இழுத்து ஹீட்டர் வந்தது. பொயிலர் ஒரு முச்சக்கர வண்டியில் பிலிமத்தலாவைக்குப் போனது. கொழும்பு வீதியோரம் பித்தளை விளக்குகள் மின்னும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்னால் உள்ள கிராமங்களில் வார்ப்பும் தட்டுவேலையும் கண்டி அரசர் காலத்திலிருந்து வருகிற தொழில். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை நூலுக்காகக் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் வேலையைத்தான் நுணுக்கமாகக் குறித்துவைத்தார். ஒரு தமிழர் மகன் செய்த அந்த வேலையை நினைத்து எனக்குப் பெருமை உண்டு. பட்டறையில் இருந்த முதியவர் பொயிலரைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே டோர்ச் அடித்து, இது இந்தியக் கை என்று சிங்களத்தில் சொன்னார். பழைய பற்றை உருக்கி எடுத்துவிட்டு மூட்டைத் திரும்ப அடித்தார். பிறகு செம்பைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை எழும்ப எழும்ப ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் இழுத்தார். கறுத்துக் கிடந்த உள்சுவர், அவர் கை போன வழியெல்லாம் வெள்ளியாகிக்கொண்டு வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட வந்த முச்சக்கர வண்டிக்காரரும் வண்டியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

மூன்றரை வருடம் அது சாய்ப்பில் சும்மா இருந்தது. அம்மா குழாயைத் திறந்து, நின்றபடி, அவசரமில்லாமல் குளித்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு 2022. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. மாசியில் தொடங்கிய மின்வெட்டு மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரமானது. கேஸ் வரிசைகள் வீதிக்கு வீதி நீண்டன. முந்தைய வருடம் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் சித்திரையில் 4,860 ரூபாவானது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஆட்கள் இரவிரவாகக் காத்துக்கிடந்தார்கள். எங்கள் ஹீட்டர் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியாகத் தொங்கியது.

கீழ் வீட்டுச் சிங்களக் குடும்பத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவர்கள் வீட்டில் கேஸ் முடிந்து, முற்றத்தில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டி, அதில் சோறு ஆக்குவதா தண்ணீர் காய்ச்சுவதா என்று திண்டாடினார்கள். தாய்க்காரி ஒரு காலையில் மதில் ஓரம் வந்து, “அக்கே, உங்களிடம் அந்தப் பழைய சாமான் இருக்கிறதா?” என்று கேட்டார். அன்றைக்கு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எப்படி மூட்டுவது என்று எனக்கும் அண்ணன் மகளுக்கும் சொல்லித் தந்தார். அவள் அந்த வருடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தாள். மிலாறு அடியில், அதன்மேல் பிளந்த சீமைக்கிளுவை, நடுவில் காற்றுப் போக இடம். குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கும் வரைக்கும் பொறுமை. இழுக்கத் தொடங்கிவிட்டால் புகை நம் பக்கம் வராது. அந்த மாதங்களில் பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் ஆடாதோடையும் அவித்த தண்ணீருக்கு எங்கள் பொயிலரிலிருந்தே வாளி போனது. பதிலுக்கு அவர்கள் தோட்டத்துப் பலா விறகு பிளந்து எங்கள் சாய்ப்புக்கு வந்தது. வேறு வீட்டார்களும் வாளியோடு வந்தார்கள். நெருப்பு மூட்டும் முறையை வீடு வீடாக மாற்றிக்கொண்டோம், ஆண்களும் மூட்டினார்கள். அம்மா மூட்டிய காலத்தில் இப்படி முறை வைத்திருந்தால் என்ன என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

விறகைப் புகழ நான் இதை எழுதவில்லை. அடைத்த அடுப்பங்கரையில் நாள் முழுக்கப் புகையைக் குடித்த பெண்களின் நெஞ்சு என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்தேன். எங்கள் பொயிலர் திறந்த சாய்ப்பில் நிற்பதால், குழாய் இருப்பதால், விறகைக் காயவைக்க இடம் இருப்பதால் அது தாங்கக்கூடியதாக இருந்தது. மாடி வீட்டில் இருப்பவருக்கு இது உதவாது.

மின்சாரம் திரும்ப வந்தபோது விலை வேறாக இருந்தது. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். 2018இல் நான் போட்ட கணக்கைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. 2024இல் இரண்டு முறை குறைத்தார்கள் என்றாலும், ஐந்து வருடத்துக்கு மின்சார விலை இதுதான் என்று நம்பி ஒரு சாமான் வாங்கும் தைரியம் எங்கள் தெருவில் எவருக்கும் இல்லை.

அதனால் கூரையில் சூரிய வெப்பத் தொட்டி ஒன்று. கண்ணாடிக் குழாய் வகையே சூடு அதிகம் தரும் என்றார்கள். ஆனால் எங்கள் சரிவில் குரங்குகள் உண்டு. ஓட்டைக் கழற்றி எறிகிறவை, மெல்லிய கண்ணாடிக் குழாயை விட்டுவைக்காது. ஆகவே தட்டையான, தடித்த கண்ணாடி மூடிய வகையைப் போட்டோம். பலகை கீழே, தொட்டி மேலே. சூடான தண்ணீர் தானாக ஏறும், குளிர்ந்தது இறங்கும், பம்பு இல்லை. பின்னேரம் வெயில் ஹந்தானைத் தொடருக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடுவதால், பலகையைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைக்கச் சொன்னேன். வெயில் நாளில் தொட்டி மறுநாள் காலை வரைக்கும் சூட்டை வைத்திருக்கிறது. வானம் மூடிய நாளில் ஹீட்டர். ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பெய்து, கம்பி அறுந்து, இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனால் பொயிலர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மலைகளைச் சரித்தபோது அது எரிந்தது.

அண்ணன் இப்போதும் கேட்கிறார், மூன்று எதற்கு என்று. இந்த வருடம் பொயிலருக்குள் ஈயம் தேய்ந்து அங்கங்கே செம்பு தெரிகிறது, மறுபடியும் பூச வேண்டும். பிலிமத்தலாவையில் அந்த முதியவரின் மகன் பட்டறையை நடத்துகிறார்; கூலி போன தடவையைப் போல் மூன்று மடங்கு. காசை அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எப்படி எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன். “எழுது, அவன் மகதான் மூட்டுறான்னு” என்றார்.